வாங்காத ஃபிளாட்டுக்கு நான் சொன்ன சாட்சி

போன ஜூன் மாதம் ஒரு சாயங்காலம், கருங்குழியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் ஓனர் அண்ணன் கையில் லட்டுப் பெட்டியோடு வந்தார். மகனுக்குப் பெண் பார்த்து முடித்துவிட்டாராம். நாங்களும் சந்தோஷமாக ஆளுக்கொரு லட்டு எடுத்து வாயில் போட்டோம். அப்புறம்தான் சொன்னார்.

"தை மாசம் கல்யாணம்மா. புள்ளய இங்கதான் குடி வெக்கணும். அதுக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடுங்க."

லட்டை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

என் அப்பாவும் அம்மாவும் செய்யூர் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டு, அடுத்தவர் இடத்தில் குடிசை போட்டு வாழ்ந்தவர்கள். அங்கேயும் ஒரு நாள் காலி பண்ணச் சொன்னார்கள். கருங்குழிக்கு வந்த பிறகு அப்பா லோடு ஆட்டோ ஓட்டினார், அம்மா வீட்டிலேயே பிளவுஸ் தைத்தார். இங்கேயும் வீடு மாறி மாறித்தான் நான் வளர்ந்தேன். அன்றைக்கு அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அடுப்படியிலேயே முழங்கால் போட்டார். ஒரே வரி ஜெபம்தான்.

"ஆண்டவரே, எங்கள யாரும் காலி பண்ணுன்னு சொல்லாத ஒரு வூடு குடுப்பா."

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. என் பெயர் ஷீபா. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான்தான். அப்போது வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சிறுசேரியில் ஆபீஸ், கேளம்பாக்கத்தில் ஹாஸ்டல், சனி ஞாயிறு கருங்குழி. ஆபீஸ் பஸ்ஸில் போகும்போது வழி முழுக்க ஃபிளாட் விளம்பரங்கள். ஒரு நாள் ரோஷத்தோடு இறங்கி உள்ளே போய்விட்டேன்.

உள்ளே ஏசி. லெமன் ஜூஸ். மாதிரி ஃபிளாட்டின் பால்கனியில் நின்று கழுத்தைக் கொஞ்சம் எக்கினால் கடல் தெரிந்தது. டை கட்டிய ஒரு தம்பி என்னை "மேடம், மேடம்" என்றான். என்னை யாரும் அதுவரை மேடம் என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு வார்த்தைக்கே பாதி ஃபிளாட்டை வாங்கிவிட்டேன்.

அவன் கணக்குப் போட்டான். மாதத் தவணை என் சம்பளத்தில் பாதியைத் தாண்டியது. "ஹாஸ்டல் ஃபீசும் வீட்டு வாடகையும் மிச்சம் ஆவுதே மேடம், அத கழிச்சிப் பாருங்க" என்றான். கழித்துப் பார்த்தால் கைக்கு எட்டுகிற மாதிரிதான் இருந்தது. நான் தசமபாகத்தை எங்கே எழுதுவது என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை முதலில் ஆண்டவருக்கு எடுத்து வைப்போம் என்று விளக்கினேன்.

"அத ரெண்டு வருஷம் நிறுத்தி வெய்யுங்க மேடம். சாமி கோச்சிக்காது" என்றான்.

தீபாவளி வரைக்கும்தான் இந்த விலை என்றும் சொன்னான்.

அடுத்த ஞாயிறு நான் செய்த காரியம் உங்களில் பலர் கண்ணால் பார்த்தது. பெற்றுக்கொள்ளும் முன்பே நன்றி சொல்லும் பழக்கம் நம் சபையில் உண்டு. வேலைக்காகச் சொல்வோம், குழந்தைக்காகச் சொல்வோம். ஆண்டவர் செய்ததைச் சபை முன்னால் சொல்கிற சாட்சி நேரத்தில் நான் எழுந்து மைக்கைப் பிடித்தேன். எனக்கு மைக் கிடைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

"கர்த்தர் எனக்குக் கேளம்பாக்கத்தில் சொந்த ஃபிளாட் கொடுத்துவிட்டார். ஸ்தோத்திரம்!"

கொடுப்பார் என்றாவது சொல்லியிருக்கலாம். கொடுத்துவிட்டார் என்றே சொல்லிவிட்டேன். சபையே கை தட்டியது. பாஸ்டரம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அம்மா மட்டும் பெண்கள் வரிசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து வீட்டுக்குப் பரிசுகள் வர ஆரம்பித்தன. பெரும்பாலும் சுவர்க் கடிகாரங்கள். வசனம் எழுதியது, புறா போட்டது, மணிக்கு ஒரு தடவை பாட்டுப் பாடுவது. பரண் நிறைந்துவிட்டது. அப்பா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"வூடு இல்ல பாப்பா. ஆனா டைம் நமக்கு ரொம்ப நல்லா கீது."

சிரித்த அப்பாதான் அடுத்த வாரம் யாரிடமும் சொல்லாமல் லோடு ஆட்டோவை விலை பேசிவிட்டு வந்தார். முன்பணத்துக்காம். மதுராந்தகத்து ஆள் ஒருவர் தீபாவளிக்கு முந்தின ஞாயிறு வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. "ஆட்டோவ வித்துட்டு இன்னா பண்ணுவ?" என்று சண்டை போட்டேன். "வாட்ச்மேன் வேலைக்குப் போறேன். ஒன் ஃபிளாட்டுக்கே போறேன், போ" என்றார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆட்டோ போனால் வீட்டில் என் சம்பளம் மட்டும்தான். வேலையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகாதவள் நான். பிராஜெக்ட் முடிந்து என்னை வீட்டுக்குப் போ என்றால் தவணையை யார் கட்டுவது?

அப்போதுதான் ஆண்டவரிடம் ஓர் அடையாளம் கேட்டேன். "இந்த ஃபிளாட் உம்முடைய சித்தமானால், தீபாவளி வரைக்கும் அதை வாங்கிவிட்ட மாதிரியே வாழ்ந்து பார்க்கிறேன். யாருக்கும் குறை இல்லாமல் ஓடினால் வாங்குகிறேன்." சம்பளம் வந்ததும் அம்மா எப்போதும்போலத் தசமபாகக் கவரை முதலில் எடுத்து பீரோவில் வைத்தார். அதன் பக்கத்தில் நான் இன்னொரு கவர் வைத்தேன். ஹாஸ்டலும் வாடகையும் போக ஃபிளாட்டுக்காகக் கூடுதலாக ஆகும் தொகை முழுவதும் அதில். மீதியில் குடும்பம் ஓடவேண்டும்.

ஓடியது! முதல் மாதம் ஓடியது, இரண்டாம் மாதமும் ஓடியது. மாதத்துக்கு ஒன்றாக வைத்த ஃபிளாட் கவர்களைத் தொடவே இல்லை. அல்லேலூயா என்று ஹாஸ்டல் மாடியில் நான் போட்ட சத்தத்தில் வார்டன் எழுந்து வந்துவிட்டார். அந்த டை கட்டிய தம்பிக்குப் போன் போட்டு, வருகிற திங்கள்கிழமை பணத்தோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை பீரோவில் கவர்களை எடுக்கப் போனபோது, புடவைக்கு அடியில் அம்மாவின் பிரஷர் மாத்திரை அட்டைகள் தட்டுப்பட்டன. போன மாதமே தீர்ந்திருக்க வேண்டியவை. பாதிக்குப் பாதி அப்படியே இருந்தன.

"இன்னாம்மா இது?"

"கத்தாத. ஒரு நாள் வுட்டு ஒரு நாள் போட்டுக்கினேன். செலவு கம்மியாவுதுல்ல."

"தல சுத்தலயா ஒனக்கு?"

"சுத்துச்சி. தையல் மிஷின புடிச்சிக்கினு ஒக்காந்துப்பேன், சரியாப்பூடும். நீ சபையில சொல்லிட்டியேடி. ஒன் சாட்சி பொய்யாவக் கூடாதுல்ல?"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாருக்கும் குறை இல்லாமல் ஓடினால் என்றுதானே கேட்டேன்? கேட்டதற்குப் பதில் என் கையிலேயே இருந்தது. அப்போதே அம்மாவுக்கு மாத்திரையைக் கொடுத்து, தண்ணீரையும் கொடுத்து, விழுங்கும் வரைக்கும் எதிரிலேயே நின்றேன். அப்புறம் அங்கேயே ஜெபம் பண்ணினேன். "ஆண்டவரே, ஃபிளாட் வேண்டாம். தை பிறக்கும்போது நாங்கள் தெருவில் நிற்காதபடி ஒரு கூரை காட்டும். நாளைக்கு நான் சபையில் எழுந்து நிற்க என் முழங்காலுக்குப் பலம் கொடும்."

மறுநாள் எழுந்து நின்றேன். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "நான் ஃபிளாட் வாங்கவில்லை. வாங்க எனக்கு இன்னும் சக்தி இல்லை. ஆண்டவர் கொடுக்காததைக் கொடுத்துவிட்டார் என்று சொன்னேன். தையில் வீட்டைக் காலி செய்யவேண்டும், போக இடம் இல்லை. ஜெபித்துக்கொள்ளுங்கள். கடிகாரங்களைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்." இவ்வளவுதான் சொன்னேன்.

அப்போது பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல். கேளம்பாக்கம் பக்கத்துக் கோவளத்தில் மீனவக் குடும்பத்தில் பிறந்து கருங்குழிக்கு வாழ்க்கைப்பட்ட நம் ஸ்டெல்லா சித்தி. ஆராதனை நடுவில் என்றுகூடப் பார்க்கவில்லை.

"அடிப்பாவி! வூடு இல்லன்னா மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடி? எங்கண்ணன் கோவளத்துல மாடி கட்டிட்டு மஸ்கட் போய்ட்டான். வூடு பூட்டியே கீது. தெரிஞ்ச குடும்பம் ஒண்ணு பாருன்னு போன் பண்ணி உயிர வாங்குறான். ஒங்கம்மாவதான் நெனச்சேன். நீதான் ஃபிளாட் வாங்கிட்டன்னு பீத்திக்கினியே, எப்படிக் கேக்குறது?"

சபை முழுக்கச் சிரித்தது. பாஸ்டர் ஐயாவும் சிரித்தார். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டே தேம்பித் தேம்பி அழுதேன். ஆண்டவர் வீட்டை எப்போதோ ஆயத்தம் பண்ணி வைத்திருக்கிறார். வாசலை மறைத்துக்கொண்டு நின்றது என் சாட்சிதான்.

அன்று மதியம் மதுராந்தகத்து ஆள் ஆட்டோ எடுக்க வந்தார். அப்பா அவருக்குச் சோறு போட்டு, கறிக்குழம்பு ஊற்றி, ஆட்டோ இல்லாமல் திருப்பி அனுப்பினார்.

டிசம்பரில் கோவளத்துக்கு வந்துவிட்டோம். கேட்ட வாடகை எங்களுக்குத் தாங்குகிற வாடகை. எனக்கு ஹாஸ்டல் செலவு இல்லை, ஆபீசுக்கு ஒரே பஸ். அப்பாவின் ஆட்டோ இப்போது விடியற்காலையில் மீன் பெட்டி ஏற்றிக்கொண்டு போகிறது. கருங்குழியில் இருந்ததைவிட நல்ல ஓட்டம், ஆனால் நாற்றம்தான் தாங்கவில்லை. அம்மா தினமும் மாத்திரை போடுகிறார். தசமபாகக் கவருக்குப் பக்கத்தில் என் கவரும் இன்னும் இருக்கிறது, எங்களுக்கு வலிக்காத அளவில். என்றைக்காவது சொந்த வீடு வாங்குவேன். அவசரம் இல்லை.

வாடகை வீட்டுக்குக் குடிபுகும்போது பிரதிஷ்டை ஜெபம் யாரும் வைப்பதில்லை. நாங்கள் வைத்தோம். நீங்கள் வேன் பிடித்து வந்தீர்கள். நான் திருப்பிக் கொடுத்த கடிகாரங்களையெல்லாம் மறுபடி தூக்கிக்கொண்டு வந்தீர்கள். ஜெபம் முடிந்து பிரியாணி சாப்பிடும்போது மஸ்கட்டிலிருந்து ஸ்டெல்லா சித்தியின் அண்ணன் போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, வூட்டுல வெளக்கு எரியுதுன்னு அக்கம்பக்கத்துல சொன்னாங்க. மனசு நெறஞ்சிச்சி. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். காலி மட்டும் பண்ணிடாதீங்கக்கா."

அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அப்படியே முழங்கால் போட்டார்.

என் ஜனங்களே, உங்கள் தேவை எதுவானாலும் உள்ளபடி அவரிடம் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடமும் சொல்லுங்கள். அவர் கேட்கிறார், நான் கண்டேன். கோவளம் பக்கம் வந்தால் கட்டாயம் எங்கள் மாடிக்கு வாருங்கள், மீன் குழம்பு இருக்கும். மணி என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். ஒவ்வொரு சுவரும் ஒவ்வொன்று சொல்கிறது, எதையும் கழற்ற அம்மா விடமாட்டேன் என்கிறார்.