பிளேட்லெட் குறைந்த வாரம்

சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்திவிட்டு வந்த மறுநாள் காலை, என் இடது கால் மரத்துக் கிடந்தது. முருடேஸ்வர் பக்கத்துத் தீவுக்கு எங்களைக் கூட்டிப்போன டூர்காரர், நீந்திய அன்று சாயங்காலமே மலைப்பாதை ஏறிப்போகும் பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். திங்கட்கிழமை எல்லாருக்கும் ஆபீஸாம்! ஆழத்திலிருந்து வந்த உடம்போடு உடனே மலை ஏறினால் ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டும் என்று பயிற்சியில் சொன்னதும் அதே மனிதர்தான்.

பெங்களூரில் எங்கள் விவேக் நகரில் அப்போது வீட்டுக்கு ஒரு டெங்கு. அம்மா என்னைத் தெருமுனை கிளினிக்குக்கு இழுத்துப்போனாள். கடல், பஸ், கால், எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னேன். அவர் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ரத்தம் எடுக்கச் சொன்னார். பிளேட்லெட் குறைந்திருந்தது. தீர்ந்தது விஷயம்.

"டெங்குதாம்மா."

"டெங்கு டெஸ்ட் நெகட்டிவ்தானே டாக்டர்? ஜுரமும் இல்லையே?" என்றேன்.

"சில பேருக்கு லேட்டா காட்டும். ஏன், கடல்ல குளிச்சவங்கள கொசு கடிக்காதா?"

அம்மா சிரித்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம் என்ன, காலையும் மாலையும் பப்பாளி இலைச் சாறு. தினம் ஊசி குத்தி ரத்தம். "குமிழிம்மா, டெங்கு இல்ல" என்று கத்தினால், "வாய மூடிட்டு குடிடி" என்பாள். பிளேட்லெட் ஏறியது, அம்மா கோயிலுக்கு மெழுகுவர்த்தி வாங்கிப்போனாள். அன்றைக்கே பாத்ரூம் வாசலில் விழுந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, கடல் என்று நான் ஆரம்பித்ததுமே எழுந்து நின்றுவிட்டார்.

"குமிழி கட்டினாலும் பிளேட்லெட் குறையலாம்மா. இதுதான்னு உறுதியா காட்டற ரத்த டெஸ்ட் இன்னும் வரல, தேடிட்டுதான் இருக்காங்க. பேஷன்ட் சொல்றத வச்சுதான் கண்டுபிடிக்கணும்."

சொன்னேனே! குமிழி கரைய, அழுத்தக் காற்று அறையில் நாட்கணக்கில் படுக்கவைத்தார்கள். முதல் நாளே வந்திருந்தால் முழுக்கத் திரும்பியிருக்கலாம் என்றார். பாதி கால்தான் திரும்பியது. மீதியை இழுத்துக்கொண்டு நடக்கிறேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, பக்கத்து வீட்டு ஆன்ட்டி என் நடையைப் பார்த்து, "இன்னா ஆச்சு பாப்பாவுக்கு?" என்றாள்.

"டெங்குக்கா," என்றாள் அம்மா. "நல்லவேளை, பிளேட்லெட் ஏறிடுச்சு."

"டெங்கு இல்லம்மா!" கோயில் வாசல் என்றும் பார்க்காமல் கத்தினேன். எல்லாரும் திரும்பினார்கள்.

"சரிடி, சரி," என்று அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "படி இருக்கு. பார்த்து எறங்கு."