பனிநாளில் எடுத்த அளவு

இது கட்டிவிட்ட கதை அல்ல. டுல்சே ஃபுர்ட்டாடோ இன்றும் பாஸ்டன் பக்கம்தான் இருக்கிறாள். போய்க் கேட்டுப் பாருங்கள், முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவாள்.

சின்ன விண்கலங்களை நகர்த்தும் உந்துபொறிகளைச் செய்கிற கம்பெனி அவளுடையது. உருகிய உப்பு மாதிரி ஒரு திரவம். மின்சாரம் கொடுத்தால் பொறி அதைக் கண்ணுக்குத் தெரியாத தூறலாகப் பீய்ச்சும். அதில் கிடைக்கும் உந்துதல் ஒரு கொசு வந்து உட்காரும் அழுத்தம்தான். அதை அளக்கும் தராசு, காற்றை உறிஞ்சி எடுத்த இரும்புத் தொட்டிக்குள் தொங்கும். தெருவில் லாரி போனாலே ஆடிவிடும். அதனால் பனிப்புயலில் ஊரே முடங்கும் நாளுக்காகக் காத்திருந்து அளப்பார்கள்.

அப்படி ஒரு பிற்பகல். முந்தைய பொறிகள் எல்லாம் பாழ். இதுதான் கடைசி. மாலைக்குள் வாடிக்கையாளருக்கு அளவு போய்ச் சேராவிட்டால் ஒப்பந்தம் போச்சு, கம்பெனியும் போச்சு. கூட்டாளி வெண்டெல் பனியில் மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்து ஃபோனில் இருந்தான். டுல்சே தனியாக இருந்தாள்.

மணி 3.10. பொறியில் மின்சாரம் ஓடியது. தராசு அசையவில்லை. அதன் அசைவைக் காட்டும் கோடு திரையில் படுத்தே கிடந்தது. அவளுக்கு அழுகை முட்டியது.

"தள்ளேன்... யாராவது தள்ளித் தொலைங்களேன்."

3.14. கோடு துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது. அறையில் யாராவது நடந்தால்தான் அப்படித் துடிக்கும். அவளோ நாற்காலியை விட்டு எழவே இல்லை.

"வெண்டெல்... இங்க யாரோ நடக்கறாங்க."

பட்டினி கிடந்தால் அப்படித்தான் தோன்றும், ஏதாவது சாப்பிடு என்று கிண்டலடித்தான்.

"விளையாடாத. கிட்ட வருது."

ஒவ்வொரு துடிப்பும் பெரிதானது.

தொட்டி அருகே... நின்றது.

கோடு ஏறியது. ஒப்பந்தத்தில் கேட்ட அதே அளவு. துளி நடுக்கம் இல்லை.

அதை அனுப்பினாள். மின்சாரத்தை நிறுத்தினாள். திரையைத் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

புயல் ஓய்ந்ததும் இருவரும் தொட்டியைத் திறந்தார்கள். திரவம் பொறிக்குள் இருக்கும் இரண்டு மின்தகடுகளுக்கும் நடுவே வழிந்து ஒட்டியிருந்தது. மின்சாரம் அதன் வழியாகவே ஓடிப்போயிருக்கிறது. பொறியைக் கழற்றி எடை போட்டார்கள். மாட்டும்போது இருந்த அதே எடை. ஒரு துளிகூட வெளியே பீய்ச்சவில்லை.

டுல்சே அப்போதே வாடிக்கையாளருக்கு ஃபோன் செய்து, அனுப்பிய அளவு தப்பு என்று சொல்லிவிட்டாள். ஒப்பந்தம் போனது.

ஃபோனை வைத்தபோது வெண்டெல் திரையைக் காட்டினான்.

தராசில் பொறி இல்லை. எதுவுமே இல்லை.

கோடு இன்னும் இறங்கவில்லை...