ஒசாக்கா மியூசியத்தில் ஒரு பேரிங்

எழுபதுகளின் கடைசியில் நான் அபுதாபியில் ஒரு கம்பெனியில் மெக்கானிக்கல் இன்ஜினியராக இருந்தேன். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்றுக்கு ஜப்பானிலிருந்து பெரிய பம்புகள் வரவிருந்தன. அவற்றைப் பிரித்து மாட்டப் பழகிவர இரண்டு பேரை ஆறு வாரம் ஒசாக்காவுக்கு அனுப்பினார்கள். ஒருவன் நான். இன்னொருவர் எங்கள் ஒர்க்‌ஷாப்பின் தலைமை ஃபிட்டர்.

ஃபிட்டர் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். என் வயதுதான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அபுதாபிக்கு வெளியே முசஃபா பக்கம் அப்போது மணலும் சில தகர ஷெட்டுகளும்தான். அதில் ஒரு ஷெட்டில் வேலை. பக்கத்துத் தொழிலாளர் கேம்ப்பில் ரூம். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்மேல் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டு, உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பாகிப்போனால் மோட்டாரைத் திட்டுவார்.

ஒசாக்காவில் ஃபாக்டரிக்காரர்கள் எங்களைக் கவனித்துக்கொள்ள ஓர் இன்ஜினியரை நியமித்திருந்தார்கள். ஒல்லியான மனிதர். டை கட்டாமல் நாங்கள் அவரைப் பார்த்ததே இல்லை. தன் சொந்த ஞாயிற்றுக்கிழமைகளைத் தியாகம் செய்து எங்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டுவது என்று அவர் முடிவு செய்திருந்தார். கடைத்தெருவுக்குக் கூட்டிப் போவார் என்று நாங்கள் நினைத்தோம். அவருடைய அகராதியில் ஊர் என்றால் மியூசியம்.

முதல் ஞாயிறு ஒரு கோட்டை. மாடி மாடியாக வாள்கள், கவசங்கள். ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டி முன்னாலும் அவர் நின்று, "வெரி ஓல்ட்" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, "வெரி இம்பார்ட்டன்ட்" என்பார். அவருடைய இங்கிலீஷில் பம்புக்கு வெளியே அதிகம் புழங்கியது இந்த இரண்டும்தான். அன்று அதை நூறு தடவையாவது கேட்டிருப்போம்.

"சார், எல்லாமே இம்பார்ட்டன்ட்னா எதைத்தான் பாக்குறது?" என்றார் ஃபிட்டர். அவர் ஏற்கெனவே குழப்பத்தில் இருந்தார். முந்தாநாள் வெள்ளிக்கிழமை, அபுதாபியில் அன்றுதான் வார விடுமுறை என்ற பழக்க தோஷத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஹாஸ்டலில் படுத்துக்கொண்டார். டூட்டிக்கு வரச் சொல்லி ஆள் வந்தபோது, "வெள்ளிக்கிழமையுமா? இவுக முதலாளிக்கு நெஞ்சுல ஈரமே கெடையாதா?" என்று கேட்டார்.

இரண்டாவது ஞாயிறு பீங்கான் மியூசியம். தனி விளக்கு போட்டு, பட்டுத்துணி விரித்து ஒரு கிண்ணத்தை வைத்திருந்தார்கள். எப்போதோ உடைந்த கிண்ணம். விரிசல்களைத் தங்கப்பொடியால் ஒட்டியிருந்தார்கள். எங்கள் ஜப்பானிய நண்பர் அதன் முன் கண்ணை மூடி நின்றார். ஃபிட்டர் குனிந்து, நிமிர்ந்து, பக்கவாட்டில் போய்ப் பார்த்தார்.

"ஒட்டு வெளிய தெரியுது சார்" என்றார். "நம்ம ஷெட்ல ஒருத்தன் இப்படி ஒட்டுனா வேலையை விட்டுத் தூக்கிருவோம். இங்க லைட்டு போட்டுக் காட்டுறாக."

வெளியே வந்ததும் தெருவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே சோறு, மீன், நூடுல்ஸ் எல்லாம் மெழுகில் செய்து தட்டுத் தட்டாக வைத்திருந்தது. ஃபிட்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு தட்டுக்கும் சம நேரம் ஒதுக்கிப் பார்த்துவந்தார். கடைசித் தட்டுக்கு வந்து, "வெரி ஓல்ட்?" என்று மரியாதையாகக் கேட்டார். நண்பர் பதறிப்போய், "நோ, நோ! லஞ்ச்!" என்றார். அது ஓட்டல்.

மூன்றாவது ஞாயிறுதான் விவகாரம். அது இயந்திரங்களுக்கான மியூசியம். கூடத்தின் நடுவில் அந்தக் காலத்து நூற்பாலை ஒன்றை ஓட்டிய பெரிய எஞ்சின். ஆள் உயரத்துக்கு இரும்புச் சக்கரம். காலை பதினோரு மணிக்கு வெள்ளைக் கையுறை போட்ட காவலர் வந்து, மணி அடித்து, சுவிட்சைத் தட்டினார். மறைவில் இருந்த மோட்டார் சக்கரத்தைச் சுழற்றியது. குடும்பம் குடும்பமாக நின்ற ஜனங்கள் "ஓ" என்றார்கள்.

ஃபிட்டர் "ஓ" சொல்லவில்லை. தலையைச் சாய்த்தார். அந்தச் சாய்ப்பு எனக்குத் தெரியும்.

"சார், உள்ள பேரிங் கெடந்து அழுவுது."

"சும்மா இருங்க. இது மியூசியம்."

"மியூசியமா இருந்தா என்ன, எண்ணெய் எறங்கலையே சார். இன்னும் கொஞ்ச நேரம் ஓடுனா இறுகிப் பிடிச்சுரும். அவுககிட்ட சொல்லுங்க."

"நம்ம வேலை வேடிக்கை பாக்குறது. பாத்துட்டுப் போவோம்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிவப்புக் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போய், எஞ்சினுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, பேரிங் மூடியருகே காதைக் கொண்டுபோனார். விசில் சத்தம் கேட்டது. ஜனங்கள் திரும்பினார்கள். காவலர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

அப்போது நான் செய்ததை எழுதித்தான் ஆக வேண்டும். மெதுவாக நாலடி பின்வாங்கி, சுவரில் மாட்டியிருந்த ஒரு வரைபடத்தை ஆராயத் தொடங்கினேன், அந்த ஆளுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல. அந்தக் கூடத்தில் எங்கள் நிறத்தில் இருந்தது நாங்கள் இருவர் மட்டுமே. முதுகில் அரபியில் கம்பெனி பெயர் எழுதிய ஒரே மாதிரி ஜாக்கெட் வேறு போட்டிருந்தோம்.

ஃபிட்டருக்கு மொழிபெயர்ப்பாளன் தேவைப்படவில்லை. அபுதாபியில் பட்டாணியர், மலையாளி, எகிப்திலிருந்து வந்த மிஸ்ரி எல்லோரிடமும் பேசும் பாஷையிலேயே காவலரிடம் பேசினார். "பாய், பாய்! ஆயில் மாஃபி! பேரிங் கலாஸ்!" எண்ணெய் இல்லை, பேரிங் தீர்ந்தது என்று அர்த்தம்.

காவலரின் கை அப்படியே நின்றது. "பேரிங்கு?" என்றார்.

"ஆமா, பேரிங்!"

"பேரிங்கு!"

ஜப்பானியர்களும் அதைப் பேரிங்கு என்றே சொல்வார்கள் என்பது ஆறு வருடம் இன்ஜினியர் வேலையும் இரண்டு வாரம் ஜப்பான் ஃபாக்டரியும் பார்த்த எனக்கு அன்றுதான் உறைத்தது. காவலர் ஓடிப்போய், நீலச் சட்டை போட்ட ஒரு வயதான மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து நுனியைப் பேரிங்கில் வைத்து, பிடியைக் காதில் வைத்தார். முகம் மாறியது. ஸ்க்ரூடிரைவரை ஃபிட்டரிடம் நீட்டினார். ஃபிட்டர் கேட்டுவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கே இல்லை என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்துக் காட்டினார். மெக்கானிக் தலையாட்டி எஞ்சினை நிறுத்தினார். மூடியைத் தொட்டவர் சட்டென்று கையை உதறினார். எண்ணெய்க் குழாயைக் கழற்றிப் பார்த்தால், துடைக்கிற துணியின் நூல் பந்தாகச் சுருண்டு அடைத்திருந்தது.

ஜனங்கள் கை தட்டினார்கள். இதுவும் காட்சியில் சேர்த்தி என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. வரைபடத்தை விட்டு நானும் வந்து சேர்ந்தேன்.

எங்களை ஆபீஸுக்குக் கூட்டிப் போனார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி எழுந்து நன்றி சொல்லிக் குனிந்தார். உட்கார்ந்தார். ஒரு வெள்ளைத்தாளை எடுத்துவைத்தார். கயிற்றைத் தாண்டியதற்கு மன்னிப்புக் கடிதம் வேண்டுமாம். நன்றி வேறு, விதி வேறு என்று எங்கள் நண்பர் வியர்த்தபடி விளக்கினார்.

ஃபிட்டர் எந்த வருத்தமும் இல்லாமல் பேனாவை வாங்கினார். அவர் வாழ்க்கையில் எழுதிப் பழகிய கடிதம் லீவ் லெட்டர் ஒன்றுதான். எழுதிய கடிதம் இது:

"ஐயா, நான் கயிற்றைத் தாண்டியது உண்மை. பேரிங் சூடானபடியால் தாண்டினேன். இனிமேல் சூடானால் கேட்டுவிட்டுத் தாண்டுகிறேன். ஆகையால் தாங்கள் தயவுகூர்ந்து எனக்கு இன்று ஒருநாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

நான் இங்கிலீஷில் சொல்ல, நண்பர் ஜப்பானியில் எழுதினார். விடுப்பு விஷயத்தை நான் விட்டுவிடப் பார்த்தேன். "என்ன சார், நாலு வரி எழுதிருக்கேன், நீங்க மூணுதான் சொன்னீக" என்று பிடித்துக்கொண்டார். சொன்னேன். அதிகாரி கடைசி வரியை இரண்டு முறை படித்தார், வாயைக் கையால் மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு முத்திரை குத்தினார்.

அப்புறம் குனிதல். அவர் குனிய, ஃபிட்டர் குனிய, தனக்கு நிகராகக் குனிந்துவிட்டாரே என்று அவர் இன்னும் குனிய, ஃபிட்டர் விடுவதாக இல்லை. நண்பர் இடையில் புகுந்து பிரித்துவிட்டார். நன்றிக்கு அடையாளமாக ஊரிலுள்ள மியூசியங்களுக்கெல்லாம் மூவரும் இலவசமாகப் போய்வர அட்டைகள் கொடுத்தார்கள்.

நண்பரின் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. வாசலிலேயே நின்று காகிதத்தில் பட்டியல் போட ஆரம்பித்தார். மீதியிருந்தது மூன்று ஞாயிறு. பட்டியலில் பதினோரு மியூசியம்.

"பேசாம இருந்திருக்கலாம் சார்" என்றார் ஃபிட்டர்.

பதினொன்றையும் பார்த்தோம். பொம்மை, விசிறி, தபால் தலை, மீன்களின் எலும்புக்கூடு. எந்த இடத்திலும் எதுவும் ஓடவில்லை என்பதால் எனக்கு நிம்மதி.

அபுதாபிக்குத் திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை மதியம் ஃபிட்டர் என்னைக் கேம்ப்புக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். போனபோது ரூம் நிறைய ஆட்கள்; கட்டில்களில் இடமில்லாமல் தரையில் உட்கார்ந்து ஃபிட்டர் சொன்ன ஒசாக்கா கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கதையில் சக்கரம் இரண்டு மாடி உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அதிகாரியோடு ஒரு மந்திரியும் சேர்ந்திருந்தார். காவலர் விசில் ஊதும் கட்டத்துக்கு ஃபிட்டர் வந்தார். நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"போலீசு மாதிரி ஒருத்தன் ஓடியாந்தான். எனக்கு பாஷை தெரியுமா? நம்ம சார்தான் முன்னாடி வந்து நின்னாக. என் ஆளு, அவர் மேல கை வெக்காதேன்னு இங்கிலீஷ்ல ஒரே போடு. அவன் அப்படியே நின்னுட்டான்ல! என்ன சார்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஃபிட்டர் என் பக்கம் திரும்பாமல், குழம்பு வாளியை எடுத்து என் தட்டில் ஊற்றினார்.

"ஆமாம்" என்றேன். "கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன்."