பிப்பெரிடின் வடிக்கும் அக்கா

தங்கை தன் தையல் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டை விட்டுப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"தைக்கக் குடுத்த துணியெல்லாம் உன் நாத்தம்தான் அடிக்குது. ஒரு கல்யாண கவுன் திரும்பி வந்துருச்சு. நான் பொழைக்க வேணாமாக்கா?"

அக்கா ஒரு ரசாயன ஆலையில் பிப்பெரிடின் என்ற திரவத்தைக் காய்ச்சி வடிப்பவள். பார்த்தால் நிறமில்லாத வெறும் தண்ணீர். மூடியைத் திறந்தால் மிளகுத்தூளில் புரட்டிய மீன் அழுகியது மாதிரி வாடை. நூற்றாறு டிகிரியில் கொதிக்கும். சிறிது ஈரம் சேர்ந்தாலும் அதற்குக் கீழேயே கொதித்துக் காட்டிக்கொடுத்துவிடும். அதன் மனமறிந்து வடிப்பதில் அவளுக்கு அலாதி சந்தோஷம். அந்த வேலையை விடவும் மனமில்லை, தங்கை இல்லாத வீட்டில் சோறும் இறங்கவில்லை.

வேலைச் சட்டையைச் சலவைச் சோடாவில் ஊறவைத்துப் பார்த்தாள். வாடை போகாததால் இன்னும் அள்ளிப் போட்டாள். சோடாவும் காரம், அதாவது அமிலத்துக்கு எதிர்; பிப்பெரிடினும் வலுவான காரம். காரத்தை விரட்டக் காரத்தையே ஏவினால் எப்படி?

ஒருநாள் ஆலையில் தரையில் சிந்திய பிப்பெரிடின்மேல் நீர்த்த அமிலம் தெளித்தார்கள். வாடை சட்டென்று அடங்கியது. அமிலத்தோடு சேர்ந்தால் அது உப்பாகிவிடும், உப்பு காற்றில் பறக்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே கேட்ட பாடம்தான். தன் வீட்டு வாளிக்கும் அது பொருந்தும் என்று மட்டும் தோன்றியதே இல்லை. வினிகரும் அமிலம்தானே என்று அன்று மாலையே அலசும் தண்ணீரில் அதை ஊற்றினாள்.

தங்கையைக் கைப்பேசியில் கூப்பிட்டுச் சொன்னாள்: "நாத்தம் போயிருச்சுடி. வந்துடு."

"உன் மூக்கு செத்துப் பல வருஷமாச்சு. அது சொல்றத நம்பி மெஷினைத் தூக்க முடியுமா?"

அதுவும் நியாயம்தான். ஆனால் அடுத்த வாரம் பேருந்தில் முன்பின் தெரியாத ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இவள் தோளிலேயே சாய்ந்து தூங்கிவிட்டாள். இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டியும் அக்கா அசையவில்லை. தங்கையிடம் இதைச் சொன்னபோது, "அவளுக்குச் சளி பிடிச்சிருக்கும்" என்றாள்.

அதற்குமேல் அக்கா கெஞ்சவில்லை. வடித்தாள், துவைத்தாள், தங்கை தைத்துக்கொண்டிருந்த மாடி அறையைப் பூட்டாமல் பெருக்கி வைத்தாள்.

மழைக்காலம் போய், வெயில் போய், அடுத்த மழையும் வந்தபிறகு கைப்பேசியில் ஒரு செய்தி:

"அக்கா, இங்க மேல் வீட்டுக்காரன் டிரம்ஸ் கத்துக்கிறான். உன் நாத்தமே தேவலை. நாளைக்கு வரேன், மெஷின் தூக்க ஆள் பாத்து வை."