வாசலோரத்தில் இரண்டு பேர்

எங்கள் அக்கா பிறந்தது பாம்பனில், கருவாடு காயப்போடும் மணலுக்கு எதிர்வீட்டில். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம் முதல் வகுப்பில் சேர்ந்தார். கெட்டிக்கார டீச்சர் என்று அவரை ஊரே சொல்லும். நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்தப் பார்த்தவர் என்பது பலருக்குத் தெரியாது. அதையே எழுதுகிறேன்.

காலையில் அம்மாவோடு கருவாட்டைப் புரட்டிப் போட்டுவிட்டுத்தான் அக்கா பள்ளிக்கூடம் போவார். ஒரு நாள் வாத்தியார் மூக்கைச் சுளித்து, "வாசல்கிட்டப் போய்த் தனியா உக்காரு" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அதன் பிறகு தெரிந்த கணக்குக்கும் அக்கா கை தூக்கவில்லை.

"கருவாடு இல்லாமலா ஒங்க வாத்தியாருக்குச் சோறு எறங்குது? பேசாமப் போடி" என்றார் அம்மா. நியாயமான பேச்சுதான். அக்காவுக்கு அது உதவவில்லை.

வகுப்புத் தோழி மைமூன் கப்பல் வியாபாரக் குடும்பத்துப் பெண். தம் வாப்பாவின் அத்தரை எடுத்துவந்து அக்காவின் கைகளில் தாராளமாகப் பூசிவிட்டார். அத்தரும் கருவாடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இருவருமே யோசிக்கவில்லை. அடுத்த வகுப்பிலிருந்தும் எட்டிப் பார்த்தார்கள்.

"இனி நான் வரல மைமூனு. அம்மாகூட மணல்லயே இருந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்த அக்கா, சிலேட்டைப் பரணில் போட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் காலை மைமூன் மணலுக்கே வந்தார். அம்மா தடுக்கத் தடுக்க, இரண்டு கைகளாலும் கருவாட்டை அள்ளிப் புரட்டினார். "இப்ப என் கையுந்தான் நாறுது. வா, போவோம்."

அக்கா போனார். வாசலோரம் இருவரையும் பார்த்த வாத்தியார், "நீ ஏம்மா அங்கன உக்காந்திருக்க?" என்றார்.

"என் கையும் நாறுது சார். மோந்து பாருங்க."

வாத்தியார் மோந்து பார்க்கவில்லை, பாடத்தைத் தொடங்கிவிட்டார். அன்று கணக்குக்கு முதலில் கை தூக்கியவர் அக்கா.

எட்டாம் வகுப்பு வரை இருவருக்கும் வாசலோரமே இடம். பிறகு அக்கா பயிற்சி முடித்து ஆசிரியை ஆனார். முன்கோபி. கையெழுத்து மோசமென்றால் நோட்டைத் தூக்கி எறிவார். எறிந்ததைத் தாமே எடுத்துவந்து கொடுப்பார். ஆனால் எந்தப் பிள்ளையையும் தனியாக உட்கார வைத்ததில்லை.

மஞ்சள்காமாலை ஒரே மாதத்தில் அவரைக் கொண்டுபோயிற்று. வருடம் ஒன்றாகிறது.

வைத்தியம் பார்த்தவர்களுக்கும், இராமேஸ்வரத்திலிருந்து ஓடிவந்த உறவினருக்கும், எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்ட அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மைமூனுக்கு நன்றி சொன்னால் ஏசுவார். துக்கத்தன்று அவர் வாசற்படியோரமே உட்கார்ந்திருந்தார். "உள்ள வாங்கக்கா" என்று கூப்பிட்டேன்.

"இருக்கட்டும்மா. எங்க ரெண்டு பேருக்கும் இங்கனதான் எடம்" என்றார். பக்கத்தில் ஓராள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்.