ஸ்பொன்சர் முறிந்த கதை

எட்டு வயது வரை ஸ்பொன்சர் என்பது உடம்பில் உள்ள ஓர் எலும்பு என்று நம்பியிருந்தேன். பெரியவர்கள் பேசிய விதம் அப்படி. "அவரின்ரை ஸ்பொன்சர் முறிஞ்சு போச்சாம்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் உச்சுக் கொட்டுவார். என் வகுப்பில் கை முறிந்த பையன் ஒருவன் மாவுக்கட்டில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினான். ஸ்பொன்சருக்கும் கையெழுத்து வேண்டும் என்று அப்பா சொல்லக் கேட்டதோடு என் ஆராய்ச்சி முற்றுப்பெற்றது. பின்னாளில் நான் செய்த ஆராய்ச்சிகளும் ஏறக்குறைய இதே தரத்தில்தான் இருந்தன.

அப்பா ஸ்பொன்சர் பத்திரத்தில் கையெழுத்து வைத்துத்தான் தன் தகப்பனை, என் அப்பப்பாவை, ஊரிலிருந்து ஸ்காபரோவுக்கு எடுப்பித்திருந்தார். பத்து வருடத்துக்கு இவருடைய சாப்பாடும் உடுப்பும் மருந்தும் என் பொறுப்பு, அரசாங்கத்திடம் கையேந்த விடமாட்டேன் என்பது அதன் சாரம். கையெழுத்து வைத்தபோது அப்பாவுக்கு வேலை இருந்தது. அப்பப்பா வந்த இரண்டாவது பனிக்காலத்தில் அப்பா வேலை செய்த கதிரைத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அம்மா இரண்டு இடங்களில் கூட்டித் துடைத்தார். அப்பப்பா தன் நீரிழிவுக் குளிசையைப் பாக்குவெட்டியால் பாதியாக்கி விழுங்கத் தொடங்கினார். கேட்டால், முழுசாகத் தொண்டைக்குள் இறங்குதில்லை என்பார். அவருடைய கால் விரலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது.

சனிக்கிழமைகளில் என்னையும் கூட்டிக்கொண்டு பக்கத்து ஷொப்பிங் மோலுக்குப் போவார். அங்கே ஒரு வாங்கில் குந்தியிருந்தபடி உலகத்தை நிர்வகிக்கும் முதியவர்கள் சிலர் உண்டு. அவர்களில், ஊரில் நொத்தாரிசிடம் எழுத்தராக இருந்தவர் சட்டப் பகுதிக்குப் பொறுப்பு.

"மகன் பாக்கிறன் எண்டு எழுதிக் குடுத்திருக்கேக்கை உங்களுக்கு அரசாங்கம் வெல்ஃபேர் காசு தராது அண்ணை," என்றார் அவர். "மகன் உங்களைத் துரத்தவேணும். ஸ்பொன்சர் முறிஞ்சால்தான் காசு, இலவச மருந்துக் காட் எல்லாம்."

"அவன் துரத்தமாட்டானே."

"துரத்தினவன் எண்டு சொல்லுங்கோவன். ஆர் வந்து பாக்கப்போறான்?"

அப்பப்பா தபால் கந்தோரில் தலை நரைத்தவர். "அரசாங்கக் கந்தோரிலை போய் நான் பொய் சொல்லமாட்டன்," என்றார்.

அன்றிலிருந்து அவர் கெட்டவரானார். அதற்குப் பயிற்சி போதாது என்பது எனக்கே தெரிந்தது. அம்மாவின் சொதி வாளி கழுவின தண்ணி மாதிரி இருக்கிறது என்றார். சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் இன்னோர் அகப்பை கேட்டார். அப்பாவைப் பார்த்து, மனிசி உழைக்க இருந்து தின்கிறவன் என்றார். அப்பா ரீவியின் சத்தத்தைக் கூட்டினார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டில் யாருமே எடுக்காத பேச்சை எடுத்தார். ஊரில் ஷெல் விழுந்து செத்த என் சித்தப்பாவின் பேச்சு.

"சின்னவன் இருந்திருந்தால் என்னை இப்பிடி வைச்சிருப்பானோ? சாகவேண்டியவன் இருக்கிறான். இருக்கவேண்டியவன் போட்டான்."

அப்பா எழுந்து, கையைக்கூடக் கழுவாமல் கதவைத் திறந்தார். "வெளியாலை போங்கோ."

"என்ன சொன்னனீ? கேக்கேல்லை."

அப்பப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்து நான் உதவிக்குப் போனேன். "அப்பப்பா, உங்களை வெளியாலை போகட்டாம்!"

"நீ வாயை மூடு. அவன் வடிவாச் சொல்லட்டும்."

"போ!" என்றார் அப்பா. தகப்பனை அவர் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. "வெளியாலை போ! இனி இஞ்சை வராதை!"

"ஓம். இப்ப கேட்டுது."

இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்குள் ஏற்கெனவே காற்சட்டை போட்டிருந்தார். புண் காலைச் சப்பாத்துக்குள் நுழைக்க அவருக்கு வெகுநேரம் எடுத்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை.

நகரத்தின் மற்றக் கோடியில், பார்க்டேலில் ஒரு பேஸ்மன்ற் அறையில் இருக்கிறார், வெல்ஃபேரும் மருந்துக் காட்டும் கிடைத்துவிட்டன என்று ஊர்ச்சனம் சொல்லி அறிந்தோம். அப்பா போய்ப் பார்க்கவில்லை. முழுக் குளிசை பிந்தித்தான் வந்தது. முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு காலை. அடுத்த பனியை அப்பப்பா காணவில்லை. அவருக்குக் கொடுத்ததையெல்லாம் அரசாங்கம் அப்பாவிடம் திருப்பிக் கேட்டது. அந்தக் கையெழுத்து மட்டும் முறியவே இல்லை. அப்பா மறுபேச்சுப் பேசாமல், தண்டனை அனுபவிப்பவர்போல மாதாமாதம் கட்டினார்.

செத்தவீடு முடிந்து ஹோலில் நின்றபோது, அந்த நொத்தாரிசு எழுத்தர் வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொப்பர் சத்தியவான், தம்பி. கந்தோரிலை ஒரு பொய் சொல்லேல்லை. மகன் துரத்தினவன் எண்டு உள்ளதைத்தான் சொன்னவர்."

அவர் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். அப்பா கன்னத்தில் அடி வாங்கியவர்போல நின்றார்.

"ஓம்," என்றார். "நான்தான் துரத்தினனான்."

இருவருக்கும் நடுவில் நான் நின்றேன். வாங்கில் நடந்த பேச்சு அப்பாவுக்குத் தெரியாது. சாப்பாட்டு மேசையில் நடந்தது அந்த மனிதருக்குத் தெரியாது. இரண்டையும் கேட்டவன் நான் ஒருவன்தான். இரண்டும் ஒரே பேச்சு என்பதுதான் அப்போது எனக்குத் தெரியவில்லை. தேத்தண்ணியோடு வைத்திருந்த வடையில் இன்னொன்று எடுத்தால் அம்மா ஏசுவாரா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.