காலுக்கு அப்பால் ஒரு கை

அந்தச் சேலையை நான் அளந்துதான் கட்டினேன். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவசரத்தில் கட்டவில்லை. பழைய நூல் சேலை; ஒரு முனை வாசற்கதவுக்கு உள்ளே கிடக்கும் உரலில், மறுமுனை ஒன்றரை வயது மகனின் கணுக்காலில். கட்டிய பிறகு அந்தச் சின்னக் காலைப் பிடித்து அடுப்புப் பக்கமாக இழுத்துப் பார்த்தேன். சேலை விறைத்தது. அடுப்புக்கு இரண்டு முழம் இருக்கும்போதே கால் நின்றுவிட்டது. மகன் சிரித்தான், விளையாட்டு என்று நினைத்து. இரண்டு முழம் போதும் என்று நானும் நினைத்தேன்.

கறம்பக்குடிக்கு மேற்கே எங்கள் ஊர். ஐம்பதுகளின் கடைசி, பங்குனி மாதம். கண்மாய் வற்றித் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஒரு நாள் ஊரே மீன் பிடிக்க இறங்கும். பெரியவர் ஒருவர் கரையில் நின்று துண்டை வீசுவார். வீசிய நொடியில் எல்லாரும் சேற்றில். நடக்க முடிந்த கால் ஒன்றுகூடக் கரையில் நிற்கக் கூடாது, நின்றால் கண்மாய் கோபித்துக்கொள்ளும் என்று பேச்சு. அதனால் கிழவிகளும் இறங்குவார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யார் மிஞ்சுவார்கள்?

இன்னொன்றும் உண்டு. எந்த வீட்டுக் குழம்பு முதலில் தெருவில் மணக்கிறதோ, அந்த வீட்டுக்காரிக்கு வருஷம் முழுக்கப் பேர். அதற்காகப் பெண்கள் புளியைக் கரைத்து, மிளகாய் அரைத்துப் போட்டு, சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டுத்தான் கண்மாய்க்குப் போவார்கள். கனமான விறகாக ஒன்றிரண்டைச் செருகினால் மெதுவாக எரியும். திரும்பி வரும்போது புளித்தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்; மீனைக் கழுவிப் போட வேண்டியதுதான். எனக்கும் அந்தப் பேர் வேண்டியிருந்தது. கல்யாணமாகி மூன்று வருஷம், மாமியார் இல்லாத வீடு, இருபத்திரண்டு வயது. வேண்டியிருந்தது.

எதிர்வீட்டு மதினி வாசலில் வந்து நின்றாள்.

"ஏ புள்ள, இன்னுமா கெளம்பல? பிள்ளையக் கொஞ்சிக்கிட்டே இரு. விராலு தானா நடந்து வந்து ஒன் சட்டியில ஏறிப் படுத்துக்கும்."

"அடுப்பு எரியுது மதினி. ஒரு மாதிரியா இருக்கு."

"எந்த வீட்ல எரியல? அதான் கட்டியிருக்கேல்ல, எங்கிட்டுப் போயிருவான்? ஊர்ல இல்லாத பிள்ளையப் பெத்துட்டா இவ!"

நாய் நுழையாமல் இருக்கக் கதவைச் சாத்தி வெளிச்சங்கிலியை மாட்டினேன். அவன் அழவில்லை. அழுதிருந்தால் நின்றிருப்பேனோ என்னவோ.

கண்மாயில் வெயில், சேறு, கூச்சல். என் வீட்டுக்காரர் வலையோடு அக்கரைப் பக்கம் எங்கேயோ. நானும் மதினியும் ஊத்தாக் கூடையைச் சேற்றில் கவிழ்த்துக் கவிழ்த்து, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவிக்கொண்டே நகர்ந்தோம். இரண்டு கெளுத்தி கிடைத்தது. முள் குத்தியது. சிரித்தேன். ஆமாம், சிரித்தேன், அந்த அரைமணி நேரம் எனக்குப் பிள்ளை இருப்பதே மறந்துவிட்டது.

அப்போது மதினியின் ஊத்தாவிலிருந்து ஒரு விரால் துள்ளி வெளியே விழுந்தது. அவள் கால் முழங்கால்வரை சேற்றில் புதைந்திருந்தது, எடுக்க வரவில்லை. விடவில்லை அவள். அப்படியே முன்னால் குப்புற விழுந்தாள். கால் நின்ற இடத்தில் நிற்க, உடம்பு நீண்டது, தோள் நீண்டது, கை நீண்டது. விராலைக் கழுத்தோடு பிடித்துவிட்டாள். சுற்றிலும் ஒரே சிரிப்பு.

புதைந்து நின்ற அந்தக் காலைப் பார்த்தேன். நீண்ட அந்தக் கையைப் பார்த்தேன்.

நான் கால்வரைதான் அளந்திருந்தேன்.

காலுக்கு அப்பால் ஒரு பிள்ளை முழுதாக இருக்கிறான். குப்புறப் படுத்தால் அவன் இரண்டு முழம். அடுப்பிலிருந்து விறகின் முனை ஒரு முழம் இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது.

திரும்பினேன். சேறு விடவில்லை. ஒவ்வொரு காலையும் பிடுங்கிப் பிடுங்கி வைத்தேன்.

"எங்கிட்டுடி ஓடுற? பேய் அறஞ்சிருச்சா?" மதினியின் குரல்.

"பாம்ப மிதிச்சிருச்சு போல ஆத்தா!" யாரோ ஒருவன். மறுபடி சிரிப்பு.

கரை ஏறினேன், வழுக்கினேன், மறுபடி ஏறினேன். தெருவில் ஒரு ஆள் இல்லை. எல்லா வீட்டிலும் சங்கிலி. எல்லாக் கூரையிலும் மெல்லிய புகை. எந்தப் புகை என்னுடையது? ஓடினேன். என் வாசலில் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அந்தச் சத்தமின்மையை இன்றுவரை என்னால் எழுத முடியவில்லை.

சங்கிலியை எடுத்தேன்.

அவன் குப்புறக் கிடந்தான். சேலை கம்பிபோல விறைத்திருந்தது. இரண்டு கையாலும் விறகின் முனையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் ஆட்ட ஆட்ட, மேலே கொதிக்கும் சட்டி அடுப்புக் கல்லில் சாய்வதும் நிமிர்வதுமாக இருந்தது. கத்தக் கூடாது. கத்தினால் இழுப்பான். மூச்சை அடக்கிக்கொண்டு ஓரடி வைத்தேன். வெளிச்சம் மாறியதும் அவன் திரும்பிப் பார்த்தான். என்னைக் கண்ட சந்தோஷம். "ம்மா" என்றான். என்னிடம் காட்டுவதற்காக விறகை முழுப்பலத்தோடு இழுத்தான்.

சேலை என் காலடியில் இருந்தது. குனிந்து, பிடித்து, இழுத்தேன்.

தரையோடு தரையாகத் தேய்ந்து என்னிடம் வந்தான். அவன் முகம் இருந்த இடத்தில் சட்டி விழுந்து உடைந்தது. கொதிக்கும் புளித்தண்ணீர் தெறித்து அவன் வலது புறங்கையில் பட்டது. அவ்வளவுதான், வேறெங்கும் இல்லை. வீறிட்டான். பானைத் தண்ணீருக்குள் அந்தக் கையை முக்கி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். கணுக்காலில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. அவிழ்க்காமல் அப்படியே விட்டேன்.

மதினி பின்னாலேயே வந்துவிட்டாள், மீன் கூடையோடு. "என்னடி, எனக்கு முந்திக் கொழம்பு வைக்கலாம்னு ஓடியாந்தியா?" என்று ஆரம்பித்தவள் வாசற்படியில் நின்றாள். உடைந்த சட்டியைப் பார்த்தாள். உரலிலிருந்து என் மடிவரை கிடந்த சேலையைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து சிரிப்பு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். அவளும் தன் மகளைக் கட்டில் காலில் கட்டிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

எதிர்வீட்டுச் சங்கிலி கழலாமல் கழலாமல் அடித்துக்கொண்டது. கதவு திறந்தது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. என் மடியில் ஒரு பிள்ளை கத்திக்கொண்டிருக்க, நான் தெருவைத் தாண்டிக் காது வைத்துக்கொண்டிருந்தேன்.

மதினி வெளியே வந்தாள். தோளில் பிள்ளை, தலை தொங்கிக்கொண்டு.

"தூங்குதுடி" என்றாள். "ஒண்ணுமில்ல. தூங்கிக்கிட்டுத்தான் கெடந்துச்சு. தூங்குது."

சொல்லிக்கொண்டே அதை உலுக்கினாள். கன்னத்தில் தட்டினாள். தொடையில் கிள்ளினாள். பிள்ளை கண் விழித்து, என்னவென்று புரியாமல், ஓங்கி அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அவள் தெருமண்ணில் உட்கார்ந்தாள்.